பேட்டரி உன்னிடம், சைக்கிள் என்னிடம்

ஜூன் 2

அக்காவுக்கு,

போன் செய்யலாமே என்று நினைப்பாய். செய்தால் நான் கத்துவேன், நீ பேசாமல் இருப்பாய். நீ பேசாமல் இருந்தால் எனக்கு இன்னும் கத்தத் தோன்றும். எழுதினால் ஆரம்பித்த வாக்கியத்தையாவது முடிக்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். என் சைக்கிளின் பேட்டரியை நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

வெள்ளிக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் நீ இல்லை. உன் பெட்டி இல்லை. புது ஊரில் பெரிய நூலகத்தில் வேலை, எப்போதோ தெரிந்த செய்தி, சரி. சண்டை போட்ட மறுநாளே சொல்லாமல் கிளம்பியதைக்கூட விட்டுவிடுகிறேன். கீழே இறங்கிப் போய் சைக்கிளைத் தொட்டால், பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் காலிக் குழி. பல் பிடுங்கிய வாய் மாதிரி.

பேட்டரி இல்லாத எலக்ட்ரிக் சைக்கிள் என்னவென்று உனக்குத் தெரியாது. உனக்குச் சாதா சைக்கிளே ஓட்டத் தெரியாது. இருபத்து மூன்று கிலோ இரும்பு, அவ்வளவுதான். சமதரையில் மிதித்தாலே எருமையை இழுப்பது போல இருக்கிறது. மேட்டுத் தெருக்களில் ஏற்ற முடியாது, தள்ளத்தான் முடியும்.

நீ வேண்டுமென்றேதான் எடுத்தாய், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மேட்டுத் தெரு நோயாளிகளை எனக்குக் கொடுக்க வேண்டாம் என்று என் மேடத்திடம் நீ போய்ச் சொன்னாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் அதை எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தார். "உங்க அக்கா வந்திருந்தாங்கம்மா. நீங்க போன மழையில விழுந்ததைச் சொல்லி அழாத குறை. வீட்ல அவ்வளவு பயப்படும்போது நாங்க எப்படி அனுப்பறது?" ஹெல்மெட் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தான். அவனை உனக்குத் தெரியும், மோட்டார் சைக்கிளில் வருகிற இன்னொரு பிசியோதெரபிஸ்ட், வார்டுக்குள்ளும் ஹெல்மெட்டைக் கழற்றாதவன். எனக்கு இருபத்தாறு வயது, அக்கா. பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

நான் சண்டை போட்டு அந்த வேலையைத் திரும்ப வாங்கினேன். அதுவும் சோதனைக்குத்தான். ஜூலை முதல் வாரம் வரை பார்ப்பார்கள். ஒரு நாளில் ஐந்து வீடு, ஐந்தும் மேட்டில். முடியவில்லையென்றால் ஹெல்மெட்டுக்குப் போய்விடும்.

முதலில் வாயால் தடுத்தாய். அது பலிக்கவில்லை என்றதும் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். புதிதாக ஒன்று வாங்கிக்கொள் என்று எழுதாதே. கடைக்காரர் கையை விரித்துவிட்டார், இந்த மாடல் இப்போது வருவதில்லையாம்.

உடனே அனுப்பு.

தங்கை


ஜூன் 7

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாவது தடவை, பல் பிடுங்கிய வாய் என்ற இடத்தில் சிரிப்பு வந்தது. மூன்றாவது தடவை ஒரு கேள்வி வந்தது. அதைக் கேட்கிறேன்.

பேட்டரியை என் பையில் வைத்தது யார்?

வீட்டுக்காரம்மா வீட்டுக்குள் அதைச் சார்ஜ் போடக்கூடாது என்று சொன்ன நாளிலிருந்து நம் வீட்டு வழக்கம் என்ன? வேலை முடிந்து வந்ததும் நீ பேட்டரியைக் கழற்றி, கதவுக்குப் பின்னால் தொங்கும் என் துணிப்பையில் போடுவாய். மாலை ஷிப்ட்டுக்கு நான் பையை மாட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போவேன். என் மேஜைக்கடியில் அது சார்ஜ் ஏறும். இரவில் கொண்டுவருவேன். இரண்டு வருடமாக இதுதான். வியாழக்கிழமை மாலை நீ என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டேதான் அதைக் கழற்றினாய். கத்திக்கொண்டேதான் பையில் போட்டாய். நான் பார்த்தேன். ஆனால் மனதில் பதியவில்லை. கை செய்து பழகிய காரியம் சண்டைக்காக நிற்பதில்லை போலிருக்கிறது.

மறுநாள் நானும் அப்படித்தான். ஒரு கையில் பெட்டி, தோளில் பை. தோள் வலித்தது. கனம் பழகிய கனம், அதனால் திறந்து பார்க்கவில்லை. ரயிலில் தண்ணீர் பாட்டில் எடுக்கக் கையை விட்டபோதுதான் தட்டுப்பட்டது.

அனுப்பச் சொல்கிறாய். நேற்றே பார்சல் அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் கேட்டார்: "உள்ளே என்னங்க?"

"பேட்டரி."

"டார்ச் லைட்டுக்கா?"

"சைக்கிளுக்கு."

அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார். "இதை நாங்க எடுக்க மாட்டோம்மா. தீப்பிடிச்சா யாரு பதில் சொல்றது? கையோட கொண்டு போனா சரி. பார்சல்ல கிடையாது." அடுத்திருந்த தனியார் கூரியர்காரரும் இதையே இன்னும் சத்தமாகச் சொன்னார்.

ஆக, இது ஒரு மனிதர் மடியில் வைத்துக்கொண்டுதான் பயணம் செய்யும். எனக்கு இங்கே வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம். இப்போது லீவு கேட்க முடியாது.

இன்னொன்று. பொத்தானை அழுத்தினால் ஒரு விளக்குதான் எரிகிறது, அதுவும் சிமிட்டுகிறது. காலியாகவே கிடந்தால் அது செத்துவிடும் என்று நீதான் சொல்வாய். சார்ஜர் பழைய நூலகத்தில், என் மேஜையின் கீழ் டிராயரில் இருக்கிறது. போய் வாங்கி அனுப்பு. சார்ஜரைப் பார்சலில் எடுப்பார்கள், கேட்டுவிட்டேன்.

உன் மேடத்திடம் பேசியதைப் பற்றி. உன்னிடம் சொல்லாமல் போனது முறையில்லை. ஆனால் சொன்ன விஷயம் தப்பு என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை. அந்த வளைவில், சாக்கடை இரும்பு மூடி மேல் மழையில் நீ பிரேக் பிடித்தாய். தாடையில் தையல் போடும்போது உன் கை என் கையில் இருந்தது. உனக்கு மருந்து கொடுத்திருந்தார்கள், அதனால் நினைவிருக்காது. எனக்கு யாரும் மருந்து கொடுக்கவில்லை.

அன்புடன்,
அக்கா


ஜூன் 12

அக்காவுக்கு,

சரி. பையில் வைத்தது நான்தான். உன் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்துபோய் கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணியைப் பார்த்தேன். கை தானாக அந்தப் பக்கம் போகிறது. இன்றைக்கும் போயிற்று.

சார்ஜர் இத்துடன் வருகிறது. சைக்கிள் வைத்திருக்கிற நான், பேட்டரி இல்லாமல், சார்ஜரையும் உனக்கே அனுப்புகிறேன். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். பேட்டரி சாகக்கூடாது, அதற்காக மட்டும். சமாதானம் என்று எடுத்துக்கொள்ளாதே.

உனக்கு ஒன்று விளங்கவில்லை என்று நினைக்கிறேன். அந்தச் சைக்கிள் எனக்கு வேகத்துக்காக இல்லை. பக்கவாதம் வந்த ஒருவருடைய கையைத் தூக்கிப் பிடித்து, விரல் விரலாக விரிக்க வேண்டும். அப்போது என் கை நடுங்கக்கூடாது. மூச்சு வாங்கக்கூடாது. நான் பதறினால் அவர்கள் தசை இறுகிக்கொள்ளும். மோட்டார் இருந்தபோது மேட்டில் ஏறிப்போய்க் கதவைத் தட்டினால் நான் பக்கத்து வீட்டிலிருந்து வந்தவள் மாதிரி இருப்பேன். இப்போது அந்த இரும்பை மேலே தள்ளிக்கொண்டு போய் நின்றால், யார் நோயாளி என்று வீட்டில் இருப்பவர்களுக்குச் சந்தேகம் வருகிறது. டிரைவர் ஐயா கேட்டே விட்டார். இருபத்தைந்து வருடம் பஸ் ஓட்டியவர், இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. மேட்டு உச்சியில்தான் வீடு.

"ஏம்மா, வண்டியில டீசல் தீர்ந்துபோச்சா?"

"இது டீசல் இல்ல ஐயா, கரண்ட்டு."

"அப்ப கரண்ட் கட்டா?"

"கரண்ட்டை எங்க அக்கா ஊருக்கு எடுத்துட்டுப் போயிட்டா."

"நல்ல குடும்பம். வா, முதல்ல உட்காரு. ரெண்டு நிமிஷம் மூச்சு விடு. என் கை எங்கேயும் ஓடிப்போகாது. அதுக்கு ஓடத் தெரிஞ்சா உன்னை ஏன் கூப்பிடறோம்."

சைக்கிளை விட்டுவிட்டு நடந்து போகலாமே என்று நீ கேட்பாய். முயன்றேன். மூன்று வீட்டில் பொழுது போய்விடுகிறது. தெருக்கள் மேட்டைச் சுற்றிச் சுற்றி ஏறுகின்றன. தள்ளிக்கொண்டு ஏறினால் இறங்கும்போதாவது உருண்டு வரலாம், அதில் நான்கு வீடு முடிகிறது. ஐந்தாவது எப்போதும் நின்றுபோகிறது.

பஸ் மேட்டுக்கு வராது. ஹெல்மெட்டின் மோட்டார் சைக்கிளும் பாதிதான் போகும். சத்தம் தாங்காமல் அந்தச் சந்துகளின் வாயில் கம்பம் நட்டிருக்கிறார்கள், சைக்கிள் மட்டும் நுழையும். அவன் ஒரு நாள் எனக்குப் பதில் போனான். வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு நடந்து போய், நடக்க வேண்டியிருந்த கோபத்தை நோயாளி மேல் காட்டியிருக்கிறான். "அந்தத் தம்பி என் கையைத் தூக்கினாரு, வாட்சைப் பார்த்தாரு, கையைக் கீழ போட்டுட்டுப் போயிட்டாரு. டிக்கெட் கிழிக்கிறது மாதிரி" என்றார் டிரைவர் ஐயா.

ஒரு நாள் முழுக்க அந்த மேட்டில் நான் சுற்றுவதற்கு ஆகிற மின்சாரம் எவ்வளவு தெரியுமா? நீ ஞாயிற்றுக்கிழமை வாரம் முழுவதற்குமான புடவைகளை இஸ்திரி போடுவாயே, அதைவிடக் குறைவு. அவ்வளவு கொஞ்சத்தில் ஐந்து பேருடைய கை கால் அசைகிறது. அதை நினைத்தால் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. மாலையில் வீட்டில் உட்கார்ந்தால் கால் தானாக ஆடுகிறது. நின்றால் ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடக்கிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்த மோட்டார் நான் மிதித்தால்தான் உதவும். நான் காலை நிறுத்தினால் அதுவும் நிறுத்திக்கொள்ளும். என்னை இழுத்துக்கொண்டு எங்கேயும் போகாது, என்னைப் பிடித்து நிறுத்தவும் செய்யாது. இரண்டு வருடம் தினமும் அதைத் தோளில் சுமந்தாய். அதனிடமிருந்து இதைக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை.

கையோடு கொண்டு வந்தால்தான் வரும் என்கிறாய். கொண்டு வா. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாதா?

தங்கை

பி.கு.: ரயில் அந்தப் பெரிய ஜங்ஷனில் வெகு நேரம் நிற்கும். தண்ணீர் பாட்டிலை எடுத்தது அதற்கு முன்னாலா, பின்னாலா?


ஜூன் 17

அன்புள்ள தங்கைக்கு,

சார்ஜர் வந்தது. என் பழைய நீலத் துண்டில் சுற்றி அனுப்பியிருக்கிறாய். சமாதானம் என்று எடுத்துக்கொள்ளவில்லை, துண்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

இங்கேயும் மேஜைக்கடியில்தான் போட்டேன். பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார். "மேடம், எந்த வண்டி?" "வண்டி இங்கே இல்லை." "பின்னே எதுக்குச் சார்ஜ்?" நான் குனிந்து விளக்குகளை எண்ணினேன். மாலைக்குள் எல்லா விளக்கும் எரிந்தன. உயிரோடு இருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில்: முன்னால்தான். ஜங்ஷனில் இறங்கியிருக்கலாம். எதிர்ப் பிளாட்பாரத்தில் நம் ஊருக்குப் போகிற ரயில் கூட நின்றது. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருட வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் ரயில் நகர்ந்தபோது, இந்த மழைக்காலம் நீ மேட்டில் ஏறமாட்டாய் என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை எனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் வந்தது. அதை மறைத்து எழுதினால் நீ எப்படியும் கண்டுபிடிப்பாய்.

மிதித்தால்தான் உதவும் என்று எழுதியிருந்தாய். அந்த வரி என்னோடு நாள் முழுக்க நடந்தது. புத்தக அலமாரிகளுக்கு நடுவே போனாலும் வருகிறது, கடற்கரைச் சாலையில் போனாலும் வருகிறது. இந்த ஊரில் எனக்கு இன்னும் உட்கார்ந்து படிக்க வரவில்லை. ஒரு பக்கம் படித்தால் எழுந்துவிடுகிறேன். இரவல் வாங்கியவர்கள் நடுவில் மடித்து வைத்த பக்கங்களை நிமிர்த்துவதுதான் இப்போது என் வேலை. யார் எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்று பார்த்துக்கொண்டே நேரம் போகிறது.

அம்மா போன பிறகு நீ வெளியே போனால் திரும்பி வரும்வரை நான் காதைத் தெருவில் வைத்திருப்பேன். அது உனக்குத் தெரியக்கூடாது என்று கையில் ஒரு புத்தகம். அப்படித்தான் இவ்வளவு படித்தேன். நீ சின்னவள் இல்லை என்பது எனக்குத் தெரியும். என் காதுக்குத்தான் அது இன்னும் தெரியவில்லை.

லீவு கேட்டேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார்கள்.

அன்புடன்,
அக்கா


ஜூன் 21

அக்கா,

அடுத்த மாதம் வேண்டாம். எந்த மாதமும் வேண்டாம்.

முழங்கால் வீங்கிவிட்டது. ஊருக்கெல்லாம் முழங்காலுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவள் நொண்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டுகிறேன். மேடம் நேற்று பார்த்துவிட்டார். "இந்த நிலைமையில எப்படிம்மா? ஏழாம் தேதி திங்கட்கிழமை ஒரு நாள் பார்க்கறேன். அன்னிக்கு அஞ்சு வீடும் ஆகலன்னா மேட்டை அவர்கிட்ட கொடுத்துடறேன். நீங்களும் ஓய்வு எடுத்துக்கலாம்." அக்கறையாகத்தான் சொன்னார். எல்லோரும் அக்கறையாகத்தான் சொல்கிறீர்கள்.

நிம்மதி வந்தது என்று எழுதியிருக்கிறாய். நேர்மையாக எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறாயா? நான் அந்த மேட்டில் நாக்குத் தள்ள நிற்கும்போது நீ அங்கே பேட்டரிக்கு முழுச் சார்ஜ் போட்டு, எல்லா விளக்கும் எரிவதைப் பார்த்து, வைத்துக்கொண்டிருக்கிறாய். பூட்டி வைத்த புத்தகம் மாதிரி.

வைத்துக்கொள். உன் காதுக்காவது நிம்மதியாக இருக்கட்டும்.


ஜூன் 25

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் காலையில் வந்தது. படித்த உடனே போனை எடுத்தேன். உன் மேடத்தின் எண் என்னிடம் இருக்கிறது. "பேட்டரியைக் கொண்டு வந்தது என் தப்பு, அவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் கொடுங்கள்" என்று சொல்ல வாய் வரைக்கும் வார்த்தை வந்துவிட்டது. எண்ணை அழுத்தினேன். மணி அடிப்பதற்குள் நிறுத்தினேன். முன்பு செய்ததைத்தானே மறுபடி செய்யப் போனேன்? அன்றைக்கு உன்னைத் தடுக்க, இன்றைக்கு உனக்கு உதவ. உன்னைக் கேட்காமல் என்பதில் இரண்டும் ஒன்றுதான்.

அதனால் கேட்கிறேன். பேசட்டுமா? வேண்டாம் என்றால் பேசமாட்டேன்.

பிறகு நேரே எங்கள் தலைமை நூலகரின் அறைக்குப் போனேன். கதவைத் தட்டிவிட்டேன், என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை.

"சார், அடுத்த வாரக் கடைசியில் எனக்கு லீவு வேணும். திங்கட்கிழமையும் சேர்த்து."

"வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசம் ஆகலியேம்மா. வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"சைக்கிளுக்கு, சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். துணிப்பை, கூரியர்காரர், டிரைவர் ஐயா, நாற்காலியைப் பின்னால் நகர்த்தியது, எல்லாம். முடிக்கும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "இங்கே பொய் சொல்லி லீவு கேட்கிறவங்களைத்தான் பார்த்திருக்கேன். இப்படி ஒரு பொய்யை யாரும் கட்ட முடியாது. போயிட்டு வாங்க" என்றார்.

ஆறாம் தேதி மாலை ரயில் வரும். திங்கட்கிழமை மதியம் திரும்பிவிட வேண்டும். மாடிக்கு வரலாமா, அல்லது கீழே வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகட்டுமா, எழுது. எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

முழங்காலை உயர்த்தி வைத்துப் படு. இதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, உனக்குத்தான் தெரியும். ஆனாலும் படு.

அக்கா


ஜூன் 28

அக்கா,

மேடத்திடம் பேச வேண்டாம். நான் பேசிக்கொள்கிறேன்.

வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்தால் அவர் பேட்டரியைக் கிணற்றில் போட்டுவிடுவார். மாடிக்கு வா.

தங்கை


ஜூலை 7, நம் அறை

அன்புள்ள தங்கைக்கு,

நீ கிளம்பிப் போய்விட்டாய். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உட்கார்ந்து என்று சும்மா எழுதினேன். நின்றுகொண்டும் நடந்துகொண்டும் நடுநடுவே எழுதுகிறேன்.

நேற்று இரவு நாம் இருவரும் பேட்டரியைப் பற்றிப் பேசவில்லை. சாப்பிட்டோம். நீ என் புது ஊரில் தண்ணீர் எப்படி என்று கேட்டாய், நான் உப்பு என்றேன். உன் முழங்காலைப் பார்த்தேன், வீக்கம் வடிந்திருக்கிறது. வீட்டுக்காரம்மா படியேறி வந்து வாசலில் நின்றே கேட்டார்: "அந்த வெடிகுண்டு திரும்ப வந்துடுச்சா?" நீ, "வந்துடுச்சு, அதைக் கட்டிக்கிட்டுத் தூங்கப் போறோம்" என்றாய். அவர் இறங்கிப்போன பிறகு நாம் சிரித்தது இரண்டு வருடத்துச் சிரிப்பு மாதிரி இருந்தது.

காலையில் மழை.

நான் எதற்குப் பயந்தேனோ அதே மழை. சத்தம் கேட்டு விழித்தபோது இன்றைக்கு நீ போகமாட்டாய் என்று நினைத்தேன். நீ ஏற்கெனவே மழைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றாய். நான் பையிலிருந்து பேட்டரியை எடுத்தேன். கீழே சைக்கிள் பக்கத்தில் நாம் நின்றோம். நீ கையை நீட்டினாய். எனக்குக் கொடுக்க வரவில்லை.

"இரும்பு மூடி..." என்று ஆரம்பித்தேன்.

"சொல்லு. முடிச்சுடு."

"ஒண்ணுமில்லடி."

நீ கையை நீட்டியபடியே நின்றாய். பிடுங்கவில்லை. நேரமாகிறது என்று சொல்லவில்லை. மழை உன் கை மேல் விழுந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு கொடுத்தேன். அதைக் குழிக்குள் வைத்து நீ அழுத்தியபோது ஒரு சத்தம் வந்தது, பெட்டியின் பூட்டு விழுவது போல. இரண்டு வருடம் சுமந்திருக்கிறேன், அந்தச் சத்தத்தை ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. காலையில் நான் மாடியிலேயே இருப்பேன், நீ பையிலிருந்து அதை எடுத்துக்கொண்டு கீழே ஓடுவாய்.

நீ போன பிறகு பாத்திரம் கழுவினேன். கழுவியதையே மறுபடி கழுவினேன். சமையலறை ஜன்னலிலிருந்து மேடு தெரிகிறது, தெரு தெரியவில்லை. ஒரு தடவை செருப்பை மாட்டிக்கொண்டு குடையோடு படியில் பாதி இறங்கினேன். அந்த வளைவில் போய் நிற்கலாம், தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்துவிடலாம், உனக்குத் தெரியவே தெரியாது. அப்புறம் மேலே வந்து செருப்பைக் கழற்றினேன்.

ஐந்து வீடு முடிந்து நீ வருவதற்குள் என் ரயில் போய்விடும். அது எனக்கு முன்பே தெரியும். நீ வந்து சேர்ந்தாயா என்று தெரியாமல்தான் நான் ஏற வேண்டும்.

போன் செய்து கேட்க மாட்டேன். எழுதியும் கேட்க மாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன், சொல்லாவிட்டாலும் சரி. சரியில்லைதான். ஆனாலும் அப்படித்தான் செய்யப் போகிறேன்.

அடுப்பில் சாதமும் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். மழை இன்னும் விடவில்லை. கிளம்புகிறேன்.

அக்கா


ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

குழம்பில் உப்பு இல்லை. எல்லா உப்பும் உன் ஊர்த் தண்ணீருக்குப் போய்விட்டது போல.

மேடு எனக்கே. மழைக்காலம் முடிகிற வரைக்கும் என்று மேடம் சொல்கிறார், அதற்குப் பிறகு பார்க்கலாமாம். பார்க்கட்டும். ஹெல்மெட்டுக்குக் கீழ்த்தெருக்கள். "நிம்மதிங்க, அந்தக் கம்பத்துல முட்டி முட்டி என் ஹெட்லைட்டே போச்சு" என்றான். அவன் நிஜமாகவே சந்தோஷப்பட்டான் என்று நினைக்கிறேன்.

சார்ஜ் போட இடமும் கிடைத்துவிட்டது. நீ விட்டுப்போன சார்ஜருக்கு டிரைவர் ஐயா வீட்டு முன்னறையில் ஒரு பிளக். அவர் மனைவி ஸ்டூல் போட்டு, அதன்மேல் பழைய தட்டு வைத்து, அதில் பேட்டரியை உட்கார வைக்கிறார், விருந்தாளி மாதிரி. ஐயாவுக்குப் பயிற்சி முடிவதற்குள் பாதி ஏறிவிடுகிறது. மீதி வீடுகளுக்கு அது தாராளம். "இது எத்தனை மைல் கொடுக்குது?" என்று கேட்கத் தொடங்கியவர், கட்டிலிலிருந்து ஸ்டூல் வரைக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து விளக்குகளைப் பார்த்தார். பயிற்சிக்கு எழுந்திரு என்றால் எழமாட்டார். வண்டியைப் பார்க்க எழுந்து வருகிறார்.

இனி உன் தோளுக்கு வேலை இல்லை. அதை எழுதும்போது எனக்கு என்னவோ போல் இருக்கிறது. நீ கதவுப் பக்கம் பை மாட்டுகிற ஆணியை நான் பிடுங்கவில்லை, வேறு எதையும் அதில் மாட்டவும் இல்லை.

இப்போது திங்கட்கிழமையைச் சொல்கிறேன். நீ கேட்டிருந்தால் "ஒன்றும் ஆகவில்லை, பத்திரமாக வந்தேன்" என்று ஒரு வரி எழுதியிருப்பேன். எப்போதும் அப்படித்தானே எழுதுவேன், சொல்வேன். நீ கேட்காததால் நடந்ததையே சொல்ல வேண்டியிருக்கிறது.

நாலாவது வீட்டுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் பின் சக்கரம் வழுக்கியது. நீ பயந்த வளைவில் இல்லை, அங்கே நான் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனேன். அதைத் தாண்டி, ஒன்றுமே இல்லாத நேர்த் தெருவில், ஈர இலைகள் மேல். வண்டி ஒரு பக்கமாகப் போயிற்று. காலை ஊன்றிவிட்டேன், விழவில்லை. ஆனால் பயந்துவிட்டேன், அக்கா. நன்றாகவே பயந்துவிட்டேன். கை நடுங்கியது. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு மழையில் அப்படியே நின்றேன். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அன்றைக்குத் திரும்பியிருந்தால் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள்.

கை நடுக்கம் நிற்கும்வரை காத்திருந்தேன். அந்தக் கையோடு அவர்கள் கதவைத் தட்ட முடியாது.

அப்புறம் ஏறி மிதித்தேன்.

தங்கை